ஷாமிசென் வாங்கும் முன்: தோலுக்குத்தான் செலவு, மரத்துக்கு இல்லை

கேள்வி: யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். கபுகி நாடகம் பார்க்கப் போனபோது மேடையில் வரிசையாக உட்கார்ந்து வாசித்த ஷாமிசென் என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் மனதைப் பிடித்துவிட்டது. யூடியூபில் ட்சுகரு என்ற பாணி ஷாமிசெனும் விடாமல் கேட்கிறேன். இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: போதாது. கடைக்காரர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்: "எந்தப் பாணி?" அதற்குப் பதில் இல்லாமல் கடைக்குள் போனால், அவரிடம் எது நிறைய இருக்கிறதோ அது உங்கள் தலையில் கட்டப்படும்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், மூன்று தந்தி, தோல் போர்த்திய சதுரமான சின்ன உடல். வித்தியாசம் கழுத்தின் தடிமனில். மெல்லிய கழுத்துள்ளது ஹொசோஸாவோ. நீங்கள் கபுகியில் கேட்ட நாகவுதா இசைக்கு உரியது அதுதான். நடுத்தரமானது சூஸாவோ. கியோத்தோ, ஒசாகா பக்கத்து ஜியுதா இசைக்கும் நாட்டுப்புறப் பாடல்களுக்கும் அதை எடுப்பார்கள். தடித்தது ஃபுதோஸாவோ. புன்ராக்கு பொம்மலாட்டத்தில் கதை சொல்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடிபோல் முழங்குவது அது. ட்சுகருவுக்கும் தடித்த கழுத்துதான்.

கழுத்தில் சில மில்லிமீட்டர்தான் வேறுபாடு என்றாலும் தந்தி, அதைத் தாங்கும் குதிரை, மீட்டும் பாச்சி எல்லாமே மாறிவிடும். ட்சுகரு என்பது வடக்கே அவோமோரியில் பார்வையற்ற இசைஞர்கள் வீடு வீடாகப் போய் வாசித்துப் பிழைத்த கலை. வாசலில் நின்று வாசிப்பவர் உள்ளே இருப்பவரை வெளியே வரவைக்க வேண்டும் அல்லவா? அதனால் தந்தியோடு தோலையும் சேர்த்து அடிப்பார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து வந்த தகஹாஷி சிகுஸான் (1910–1998) அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். அந்த அடியை நாகவுதா கருவியின் மெல்லிய தோலில் அடித்துப் பார்த்தால் அன்றைக்கே தோல் கிழிந்து, கருவி பழுதுபார்க்கப் போக வேண்டியதுதான்.

என் யோசனை: முதலில் கருவி வாங்காதீர்கள். ஆசிரியரைத் தேடுங்கள். ஒரு மாதிரி வகுப்புக்குப் போய் உட்காருங்கள். தொடக்கத்தில் கருவியை இரவல் கொடுக்கும் ஆசிரியர்கள் பலர் உண்டு. அப்புறம் வாங்கலாம். ‘காரின்’ என்ற மரத்தில் கழுத்து செய்த பயிற்சிக் கருவி, உறை, பாச்சி எல்லாம் சேர்ந்த தொகுப்பாக நாற்பது, ஐம்பதாயிரம் யென்னுக்கு அருகில் கிடைக்கும். மேடைக் கருவி பல லட்சம் யென். அதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: ஏல இணையதளத்தில் பழைய ஷாமிசென் ஐயாயிரம் யென்னுக்கு வந்திருக்கிறது. தோல் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஐயாயிரம் என்பது மரத்தின் விலை. கருவியின் விலை இனிமேல்தான் தெரியும். முன்னும் பின்னும் தோல் மாற்றினால், தோலின் வகையைப் பொறுத்து இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் யென் வரை ஆகலாம். புதிய பயிற்சிக் கருவியின் விலைக்கு வந்துவிட்டீர்கள்.

ஷாமிசெனில் தோல் என்பது தேய்ந்து தீரும் பொருள். ஷாமிசெனுக்கு முன்னோடியான ஓக்கினாவாவின் சான்ஷின் கருவி 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒசாகாவுக்கு அருகிலுள்ள சக்காய் துறைமுகம் வழியாக வந்தபோது அதன் மேல் இருந்தது மலைப்பாம்புத் தோல். ஜப்பானில் அவ்வளவு பெரிய பாம்புக்கு எங்கே போவது? பூனைத்தோலும் நாய்த்தோலும் அந்த இடத்துக்கு வந்தன. மெல்லிய பூனைத்தோல் மேடைக்கு, தடித்த நாய்த்தோல் பயிற்சிக்கும் ட்சுகருவுக்கும். இந்தத் தோலை இழுத்து ஒட்டுவது அரிசிப் பசையால். ஈரம் கூடினால் பசை விட்டுக்கொடுக்கும், ஈரம் சட்டென்று குறைந்தால் தோல் இறுகிக் கிழியும். யாரும் தொடாமல் அலமாரியில் இருந்த கருவியின் தோல் ஒரு நாள் "பட்" என்று கிழிவது சாதாரணம்.

பழையதுதான் வேண்டும் என்றால் ஏலத்தில் வேண்டாம், நேரில் பார்த்து வாங்கும் கடைக்குப் போங்கள். கழுத்தில் இடது கை விரல்கள் அழுத்தும் இடங்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் சுருதி நிற்காது. இழைத்துச் சரி செய்யலாம், அதற்குத் தனிக் கூலி. பெரும்பாலான கழுத்துகள் மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும்படி இருக்கும். பொருத்தில் இடைவெளி தெரியக் கூடாது. முறுக்காணியைச் சுருதிக்கு ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள், தானாக இறங்கினால் விட்டுவிடுங்கள். தனி நபர் விற்கும் ஏலங்களில் "புகாரும் கிடையாது, திருப்பி எடுப்பதும் கிடையாது" என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். அந்த வரிக்குப் பிறகு நீங்கள் என்ன பேசியும் பயன் இருக்காது.

விலங்குத்தோல் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் செயற்கைத் தோல் கேளுங்கள். ஒலியில் மேடைக்காரர்கள் குறை சொல்வார்கள். முதல் சில வருடங்களுக்கு அந்தக் குறை உங்கள் காதில் விழாது. மழைக்காலத்தில் நிம்மதியும் உண்டு.

கேள்வி: இணையக் கடையில் புதிதாக வாங்கினேன். தடித்த தந்தி மட்டும் கரகரவென்று இரைகிறது. மற்ற இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. குறைபாடு என்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: அனுப்பிவிடாதீர்கள், அது இருக்க வேண்டிய இரைச்சல். சவாரி என்பார்கள். கழுத்தின் மேல்முனையில் உள்ள சிறு தாங்கியில் இரண்டாவது, மூன்றாவது தந்திகள்தான் உட்காரும். தடித்த முதல் தந்தி அதில் படாமல் மரத்தின் விளிம்பை லேசாக உரசும்படி செய்திருப்பார்கள். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூல் வைத்து ரீங்காரம் வரவைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருதி சரியாகச் சேர்ந்தால் மற்ற தந்திகளை மீட்டும்போதும் இந்த ரீங்காரம் கூடவே எழும். பல கருவிகளில் கழுத்தின் பின்பக்கம் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும்.

உண்மையான குறை வந்தால் என்ன செய்வது? வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கினால் எட்டு நாள் மனம் மாற உரிமை உண்டு. இணையக் கடைக்கு அந்த விதி கிடையாது. கடை அறிவித்திருக்கும் திருப்பும் நிபந்தனைதான் செல்லும். எதுவுமே அறிவிக்கவில்லை என்றால், பொருள் கைக்கு வந்து எட்டு நாளுக்குள் உங்கள் செலவில் திருப்பலாம். சிக்கல் என்றால் நுகர்வோர் உதவி எண் 188.

கேள்வி: ஊருக்குத் திரும்பப் போகிறேன், சென்னை. கடைக்காரர் "கோகி மரக் கழுத்து, யானைத் தந்தப் பாச்சி, விலையில் பாதி" என்கிறார். ஆசையாக இருக்கிறது.

பதில்: தந்தத்தைத் தொடாதீர்கள். ஜப்பானுக்குள் பதிவு செய்த வியாபாரிகள் அதை விற்க இன்னும் அனுமதி இருக்கிறது, நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் தந்த வியாபாரம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாச்சி மட்டுமில்லை, பழைய கருவிகளில் குதிரையும் முறுக்காணியும்கூடத் தந்தமாக இருக்கலாம். கேட்டு, எழுதி வாங்குங்கள். ட்சுகரு பாச்சியின் நுனியில் வைக்கும் ஆமையோட்டுக்கும் இதே கதைதான்.

கோகி என்று அவர் சொல்வது வேறொன்றுமில்லை, நம் செம்மரம். சேஷாசலம் காடுகளிலிருந்து கடத்தல் செய்தியாகவே நாம் கேள்விப்படும் அதே மரம்தான் ஜப்பானில் ஷாமிசென் கழுத்துக்கு முதல் தரம். தண்ணீரில் மூழ்கும் அளவு கனம், விரல் அழுத்தத்துக்குச் சீக்கிரம் பள்ளம் விழாது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கருவியாகச் செய்து முடித்ததற்கு என்ன ஆவணம் தேவை என்று கடைக்காரரிடமும் சுங்கத்திலும் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பாதி விலை என்ற வார்த்தைக்காக இவ்வளவு அலைச்சல் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக்கு என்றால் ‘காரின்’ மரக் கழுத்து, செயற்கைத் தோல், மரப் பாச்சி. மூன்றாவது தந்திதான் அடிக்கடி அறும். அதை மட்டும் பட்டுக்குப் பதில் நைலானில் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். வாசித்து முடித்ததும் குதிரையை எடுத்துவிட்டு உறையில் வையுங்கள், ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வேண்டாம்.