பல்பு மாத்த பாதி வண்டிய கழட்டணுமா? (கேள்வி-பதில்)

மேலூர் வாசகர்: ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பு போச்சு. பல்பு விலைய விட மாத்துற கூலி அதிகமா கேக்குறாய்ங்க. நியாயமா?

மெக்கானிக்க குறை சொல்லாதீங்கண்ணே, தப்பு வண்டிய டிசைன் பண்ணவய்ங்க மேல. பின்னாடி கைய விட்டு ஹோல்டர திருகி எடுக்க கொஞ்சம் இடம் விட்டிருந்தா வீட்டு வாசல்லயே அஞ்சு நிமிஷத்துல முடியுற வேலை, அத விட்டுட்டு கண்ணாடி, ஹேண்டில் கவர், உள்ள ஒளிஞ்சிருக்க ஸ்க்ரூ, அதுக்கும் மேல பிளாஸ்டிக் லாக்குனு அடுக்கி வச்சிருக்காய்ங்க, நம்ம ஊரு வெயில்ல நிக்கிற வண்டில அந்த லாக்கு காஞ்சுபோயி தொட்டாலே ஒடியுது. ஒடிஞ்சா கவர முழுசா வாங்கணும். நான் வாங்குன ஸ்கூட்டர்ல ஸ்பார்க் பிளக்க எடுக்கவே சைடு பேனல கழட்டணும், அந்த பேனல் இப்ப பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டித்தான் நிக்குது, எனக்கு கோவம் இன்னும் ஆறல. ஸ்பேர் பார்ட்ஸ், கோளாறு கண்டுபுடிக்கிற டயக்னாஸ்டிக் டூல் எல்லாம் வெளி மெக்கானிக்குக்கு கிடைக்கவிடாம பண்ணதுக்கு 2014ல, கம்பெனிங்க நியாயமா போட்டி போடுறாய்ங்களானு பாக்குற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிக்கு 2,544 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. பார்ட்ஸ் கிடைச்சா மட்டும் போதுமா, கழட்ட வழி வேணாமா? ஷோரூம்ல மைலேஜ் கேக்குறதுக்கு முன்னாடி பல்பு, பியூஸ், பேட்டரி, பிளக் எல்லாம் எப்படி கழட்டுறதுனு காமிக்கச் சொல்லுங்க. காமிக்க மாட்டேன்னா அடுத்த கடைக்கு போங்க.

திருமங்கலம் வாசகர்: கிக்கர் இல்லாத ஸ்கூட்டர். பேட்டரி இறங்கிட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

முடியாது. இன்ஜின் வேகமெடுத்தாத்தான் ஸ்கூட்டர் கிளட்ச் புடிக்கும், அதனால தள்ளுனா சக்கரம்தான் சுத்தும், இன்ஜின் சுத்தாது.

அண்ணா நகர் வாசகர்: கார் வாங்கி எட்டு மாசம். பஞ்சர் ஆனப்பத்தான் ஸ்டெப்னியே இல்ல, வெறும் பஞ்சர் கிட்டுதான்னு தெரிஞ்சுச்சு. கேஸ் போடலாமா?

எட்டு மாசமா டிக்கிக்குள்ள ஒரு தடவ கூட பாக்கலையா சார்? டயர் பிரஷர் காட்டுற வசதியும் கிட்டும் குடுத்தா ஸ்டெப்னி இல்லாம விக்கலாம்னு ரூல் இருக்கு. லட்சக்கணக்குல பணம் கட்டிட்டு பாக்காம கையெழுத்து போட்டா என்ன செய்ய. டயர் சைடுல கிழிஞ்சா கிட்டு உதவாது, இடம் இருந்தா ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போடுங்க.

உசிலம்பட்டி வாசகி: தையல் வேலை பாக்குறேன். வண்டில எல்இடி லைட் மினுக்குதுனு சர்வீஸ்ல விட்டேன். கேக்காமலே முழு செட்டையும் மாத்தி 4,800 பில் போட்டாய்ங்க. பழச கேட்டா தூக்கிப் போட்டோம்ங்கிறாய்ங்க.

உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. சாக்கெட் லூசா இருந்தாலே லைட் மினுக்கும், அத பாத்தாய்ங்களா, யாரக் கேட்டு மாத்துனாய்ங்கனு எழுத்துல கேளுங்க. பில், சர்வீஸ்ல விடும்போது வேலைய எழுதிக் குடுக்குற ஜாப் கார்டு ரெண்டும் பத்திரம். பதில் வரலைனா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க, அதுக்கும் மசியலைனா மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள மனு குடுக்கணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம். மனு எழுத சிரமமா இருந்தா பில் காப்பிய அனுப்புங்க, நானே எழுதித் தர்றேன்.