கடல் அட்டை வழக்கில் கூலிக்குப் போன பையன் மட்டும் மாட்டுவது ஏன்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் 17 வயதுத் தம்பி கடல் அட்டை மூட்டையோடு பிடிபட்டான், சரக்குக்காரர் வெளியே சுற்றுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அவரிடம் வாங்கிய முன்பணப் பாக்கி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. கடன் ஏறுவது அப்போதுதான்.

கடலடியில் ஊரும் மெத்தென்ற உயிரியான கடல் அட்டை 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில் சேர்ந்தது. குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்மேல்தான் வழக்கு விழும். குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்து, கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பது பல நாள் வேலை; புகையும் வாடையும் தெருவுக்கே தெரியும். பத்துக் கிலோ பச்சை அட்டை காய்ந்தால் ஒரு கிலோ தேறுவதே கஷ்டம். இத்தனையும் கூலிக்காரர் கையில் நடக்கிறது. பணம் போட்டவர் அட்டையைத் தொடுவதே இல்லை. கொடுத்த முன்பணத்துக்குச் சீட்டும் கிடையாது.

சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) எல்லாரும் கடத்தல்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அட்டை பிடிப்பது சரி என்றும் வாதாடவில்லை.

முதலில் வயதுச் சான்று. பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ வேண்டும். இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். ஆதாரை மட்டும் நீட்டாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 94-வது பிரிவின் பட்டியலில் அது இல்லை. வயதை 19 என்று எழுதிவிட்டால் பெரியவர்களோடு சேர்த்துவிடுவார்கள். 18 நிறையாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். 12-வது பிரிவுப்படி ஜாமீன் கொடுப்பதே பொது விதி; கெட்ட சகவாசத்துக்குத் திரும்புவான் என்று தோன்றினால் மறுக்கலாம். அதனால் வெளியூரில் இருக்கும் தாய்மாமாவைக் கூட்டிப்போய் அவர் பொறுப்பில் விடக் கேளுங்கள்.

சரக்குக்காரர் அனுப்பும் வக்கீல் வேண்டவே வேண்டாம். அவர் காப்பாற்ற வருவது சரக்குக்காரரின் பெயரை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார்.

குடும்பச் சூழலைக் குழுமத்துக்குச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கைக்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். "அவனாத்தான் போனான்" என்று பயந்து சொல்லிவிடுவதில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. முன்பணம் எவ்வளவு, கொடுத்தது யார், பைக் யாருடையது, எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். சிறுவரைச் சட்டவிரோத வேலைக்கு ஏவும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 83(2) பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிரிவைச் சேர்க்கும்படி வழக்கறிஞர் மூலம் வற்புறுத்திக் கேளுங்கள். தானாக அது வழக்கில் ஏறுவது அபூர்வம்.

கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. அந்தத் தீவோரங்களில் தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியைப் பறித்த பெண்கள் அத்துமீறியவர்களாகிவிட்டார்கள். பாசிச் சாக்கோடு கரையேறும்போது பயந்து பயந்து வருகிறார்கள். அந்தப் பாசியைக் காய்ந்த எடையில் வாங்கி ஜெல்லி செய்ய உதவும் அகர் அகர் காய்ச்சும் ஆலைக்காரரிடம், எந்தத் தீவில் பறித்தது என்று யாரும் கேட்பதில்லை.