பழைய கட்டானா: துருவையும் கறுப்பையும் தொடாதீர்கள்

உங்களிடம் உள்ள கட்டானாவின், அதாவது பழைய ஜப்பானிய வாளின், பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரே துரு, கைக்காப்புத் தட்டும் கறுத்துக் கிடக்கிறது, இரண்டையும் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பிடிக்குள் மறைந்திருக்கும் அந்தப் பகுதிக்கு நாகாகோ என்று பெயர். கொல்லரின் கையெழுத்து இருந்தால் அங்கேதான் வெட்டியிருப்பார்கள். வாளின் வயதைக் கணிப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பவற்றில் அந்தத் துருவின் நிறமும் ஒன்று. தேய்த்துவிட்டால் சாட்சியும் போச்சு, விலையும் போச்சு.

தட்டுக்கு, அதாவது சுபாவுக்கு வருவோம். நீலம் கலந்த கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் அது ஷகுடோவாக இருக்கலாம். செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, மருந்து நீரில் கொதிக்கவைத்து வேண்டுமென்றே வரவழைக்கும் கறுப்பு அது, அழுக்கே இல்லை. பித்தளை பாலிஷ் பட்டால் ஒரு நிமிஷத்தில் செம்பு பல்லிளிக்கும். ஜப்பானின் எடோ காலத்துக் (17–19ஆம் நூற்றாண்டு) கைவினைஞர் அந்தக் கறுப்பை நம்பித்தான் தங்கப் பூவையும் கொக்கையும் அதில் பதித்தார். இரும்புத் தட்டானாலும் மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

அலகை விரலால் தொடாதீர்கள், வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும். மெல்லிய வாள் எண்ணெய்ப் பூச்சு போதும், நாகாகோவுக்கு அதுவும் வேண்டாம். அப்புறம், பிடியைத் திரும்ப மாட்டும்போது மூங்கில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாளையும் பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தச் சின்ன ஆணிதான்.