வாக்கியத்தின் முடிவில் குரல் ஏன் ஏறுகிறது?

கேள்வி: என் குழுவில் ஆஸ்திரேலியர்கள் சிலர் இருக்கிறார்கள். தொலைபேசிக் கூட்டங்களில் அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வி கேட்பதுபோலவே முடிக்கிறார்கள். "அறிக்கையை நேற்றே அனுப்பிவிட்டேன்" என்பதைக்கூட என்னிடம் விசாரிப்பதுபோலச் சொல்கிறார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். சொல்வதில் அவர்களுக்கே ஐயமா?

பதில்: ஐயமன்று. நீங்கள் தொடர்ந்து கேட்கிறீர்களா, சொன்னது புரிந்ததா என்று அவர்கள் குரலாலேயே பார்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் செய்தி சொல்லும் வாக்கியத்தில் குரல் இறங்கும், கேள்வியில் ஏறும் என்று நாம் பாடமாகக் கற்றிருக்கிறோம்; அந்தப் பாடமே முழு உண்மையன்று. ஆம் அல்லது இல்லை என்று விடை வரவேண்டிய கேள்விகளில்தான் குரல் பெரும்பாலும் ஏறுகிறது. 'எங்கே போகிறாய்', 'எப்போது வருவாய்' போன்ற கேள்விகளைத் தென் இங்கிலாந்தில் பொதுவாகக் குரலை இறக்கித்தான் முடிக்கிறார்கள். ஆகவே ஏற்றம் என்றால் கேள்வி என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செய்தி வாக்கியத்தின் ஈற்றில் குரல் ஏறுவது பல பத்தாண்டுகளாகவே கவனிக்கப்பட்டு வருகிறது. சிட்னி மக்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த கிரிகரி கை, பார்பரா ஹார்வத் முதலியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஏற்றம் பதின்வயதினரிடமும் பெண்களிடமும் தொழிலாளர் குடும்பங்களிலும் மிகுதியாக இருந்தது. அதைவிட முக்கியமானது, அது எந்த வகைப் பேச்சில் வந்தது என்பதுதான். நடந்ததை வரிசையாகச் சொல்லும்போதும், ஓர் இடத்தையோ பொருளையோ விவரிக்கும்போதும் ஏற்றம் அடிக்கடி வந்தது. சொந்தக் கருத்தைச் சொல்லும்போது குறைந்தது. ஐயம்தான் காரணம் என்றால், கருத்துச் சொல்லுமிடத்தில் அல்லவா அது மிகுந்திருக்க வேண்டும்? நீண்ட விவரத்தைச் சொல்பவர், "இதுவரை சரிதானே, இன்னும் முடியவில்லை, கூடவே வாருங்கள்" என்று கேட்பவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் முறை இது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே உங்கள் சக பணியாளர் குரலை ஏற்றி நிறுத்தும்போது முழு விடை தேட வேண்டியதில்லை. "ம்" என்ற ஒரு சிறு ஒலியே போதும், அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். உண்மையான கேள்வியைப் பிரித்தறியவும் ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் கேள்வியின் ஏற்றம் பெரும்பாலும் உயர்ந்த சுருதியிலிருந்தே கிளம்புகிறது. செய்தியின் ஏற்றமோ தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே போகிறது. இந்த வேறுபாட்டை ஜேனட் ஃப்ளெச்சரும் ஜோனதன் ஹாரிங்டனும் ஒலியை அளந்து காட்டியிருக்கிறார்கள். சில வாரங்கள் கூர்ந்து கேட்டால் காதுக்கு இது பிடிபட்டுவிடும்.

கேள்வி: வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட், இங்கிலாந்தின் நியூகாசில் ஊர்க்காரர்களின் பேச்சிலும் இதே ஏற்றத்தைக் கேட்கிறேன். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து அவர்களுக்கு ஒட்டிக்கொண்டதா?

பதில்: இல்லை, அது வேறு மரபு. பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில், பர்மிங்காம் ஆகிய நகரங்களின் பேச்சில் செய்தி வாக்கியம் ஏறி முடிவது அந்தந்த வட்டாரத்தின் இயல்பான இசை. குறிப்பாக பெல்ஃபாஸ்டில் குரல் ஏறியபின் அதே உயரத்தில் நீண்டு நிற்கிறது. ஆஸ்திரேலியரைப்போல ஈற்றில் மேலும் மேலும் ஏறிக்கொண்டே போவதில்லை. அங்கே கேட்பவரின் ஒப்புதலைத் தேடும் நோக்கமும் அதில் இல்லை. சாதாரணமாகப் பேசினாலே அப்படித்தான் வரும். பெல்ஃபாஸ்ட் இருக்கும் அதே அயர்லாந்துத் தீவில் உள்ள டப்ளினிலோ செய்தி வாக்கியம் பெரும்பாலும் இறங்கியே முடிகிறது.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஐரிஷ் மொழியின் தாக்கத்தைச் சிலர் காரணமாகக் கூறுகிறார்கள். அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள டானிகாலில் பேசப்படும் ஐரிஷ் மொழியிலும் இத்தகைய ஏற்றம் இருப்பதும், 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்கள் பெருந்திரளாக லிவர்பூலுக்கும் கிளாஸ்கோவுக்கும் குடிபெயர்ந்ததும் அந்தக் கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. ஆயினும் எல்லா நகரங்களுக்கும் இந்த ஒரே விளக்கம் பொருந்துமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

செய்தியும் கேள்வியும் ஒன்றுபோல ஏறினால் குழப்பம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. தமிழில் 'வந்தார்' என்பதோடு 'ஆ' சேர்ந்து 'வந்தாரா' என்றானதும், குரல் எப்படி இருந்தாலும் அது கேள்விதான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகள் இப்போது எல்லாவற்றையும் இப்படி ஏற்றியே பேசுகிறாள். நேர்முகத் தேர்வில் தன்னம்பிக்கை இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நான் திருத்த வேண்டுமா?

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது, ஆனால் அவளிடம் குறை ஏதும் இல்லை. 1975இல் அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப், இரவு உணவு எப்போது தயாராகும் என்று கேட்டவருக்குக் குரலை ஏற்றி "ஆறு மணிக்கு?" என்று விடை சொல்வதைப் பெண்களின் தயக்கத்துக்கு அடையாளமாக எழுதினார், அந்த எண்ணம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவியர் சங்கமொன்றின் கூட்டங்களை ஆராய்ந்த சிந்தியா மெக்லமோர், புதிய, முக்கியமான செய்தியை அறிவிக்கும் தலைவிகளே குரலை ஏற்றினார்கள் என்று 1991இல் காட்டினார். ஹாங்காங்கில் நடந்த அலுவலகக் கூட்டங்களிலும் தலைமை வகித்தவர்களே அதிகமாக ஏற்றினார்கள்.

ஆனால் தேர்வாளர் இந்த ஆய்வுகளைப் படித்திருக்க மாட்டார் என்பதும் உண்மை. பேச்சின் ஒலியை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் மிகப் பழையது. 1941இல் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் உச்சரிப்போடு பிபிசியில் செய்தி வாசித்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸுக்கு நேயர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. எனவே மகளின் பேச்சையே மாற்றச் சொல்லாதீர்கள். இரண்டு இடங்களில் மட்டும் குரலை இறக்கி முடிக்கப் பழகச் சொல்லுங்கள்: தன் பெயரைச் சொல்லுமிடத்திலும், கேட்ட கேள்விக்கான கடைசி வாக்கியத்திலும். தகுதிகளை வரிசையாக அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் குரல் ஏறுவது ஆங்கிலத்தில் பரவலாக உள்ள வழக்கம்தான்; கடைசித் தகுதியில் அதை இறக்கினால், தான் சொல்லி முடித்துவிட்டதைத் தேர்வாளர் உடனே உணர்ந்துகொள்வார்.