பழைய கான்ஃபிக் கோப்பில் டைம்அவுட் வரி இல்லையென்றால்

வணக்கம். புது டைம்அவுட் ஆப்ஷனுக்கு (இத்தனை நேரத்தில் முடியாவிட்டால் துண்டித்துவிடும் வரம்பு) டீஃபால்ட்டாக, அதாவது பயனர் எதுவும் குறிப்பிடாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, 30 விநாடி வைத்ததும், பழைய பயனர்களின் பெரிய பதிவேற்றங்கள் பாதியில் அறுந்துபோவதாகச் சொல்லியிருந்தீர்கள். சிக்கல் அந்த 30இல்தான். முன்பு வரம்பே கிடையாது. எனவே கான்ஃபிக் கோப்பில், அதாவது நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், டைம்அவுட் வரி இல்லையென்றால் நிரலும் வரம்பில்லாமலே ஓட வேண்டும். 30ஐப் புதிதாக நிறுவுபவர்களுக்குப் போகும் மாதிரிக் கோப்பில் எழுதிவையுங்கள். வரி இல்லாததையும் 0 என்று எழுதியிருப்பதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பின்னாளில் டீஃபால்ட்டை மாற்றினால், வரம்பு வேண்டாமென்றே 0 போட்டவரும் மாட்டிக்கொள்வார்.

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் (Git) இப்படியொரு டீஃபால்ட் மாற்றத்தைப் பொறுமையாகச் செய்தது. கிளை எதையும் குறிப்பிடாமல் புஷ் செய்தால் எவற்றை சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் புஷ்.டீஃபால்ட் (push.default) ஆப்ஷனை முதலில் பழைய நடத்தையோடே கொடுத்தார்கள், பிறகு எச்சரிக்கை காட்டினார்கள், 2014இல் 2.0 வெளியீட்டில்தான் 'மேட்சிங்' (இரு பக்கமும் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளையும் அனுப்புவது) போய் 'சிம்பிள்' (இப்போதிருக்கும் கிளையை மட்டும் அனுப்புவது) வந்தது. அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

டைம்அவுட் வரி இல்லாத பழைய கான்ஃபிக் கோப்பு ஒன்றை அப்படியே டெஸ்டில் சேர்த்துவிடுங்கள்.