ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' குறுநாவலில் குடும்பமும் இரக்கமும் எப்படி வருகின்றன?

கஞ்சன் ஸ்க்ரூஜை ஆவிகள் மிரட்டித் திருத்தின என்றுதான் பெரும்பாலும் இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இரவில் ஆவிகள் வருவதற்கு முன்பே, பகலிலேயே, தங்கை மகன் ஃப்ரெட் அலுவலகத்துக்கு வந்து, நாளைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள் மாமா என்று கூப்பிடுகிறான். ஸ்க்ரூஜ் எரிந்து விழுகிறார், உன்னை யார் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னது என்கிற ரீதியில் பேசுகிறார். உங்களிடம் எனக்கு எதுவும் வேண்டாம், பகையில்லாமல் இருந்தால் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு கடுஞ்சொல் இல்லாமல் ஃப்ரெட் கிளம்புகிறான். போகும்போது, மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்க்கும் ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கும் நின்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான்.

இந்தக் கதையில் இரக்கம் என்றால் எனக்கு முதலில் ஃப்ரெட்தான். மறுநாள் வீட்டில் அவன் மனைவி, அந்த மனுஷனை என்னால் சகிக்கவே முடியாது என்கிறாள். அவனோ, மாமா விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வருஷாவருஷம் போய்க் கூப்பிடத்தான் போகிறேன், அதனால் அந்த ஏழைக் குமாஸ்தாவுக்கு ஒரு 50 பவுண்டு விட்டுவிட்டுப் போகத் தோன்றினாலும் லாபம்தானே என்கிறான். சொத்து தனக்கு வரும் என்ற கணக்கே அவனிடம் இல்லை, பாருங்கள்.

அவனை ஏன் ஸ்க்ரூஜுக்குப் பிடிக்கவில்லை? டிக்கன்ஸ் நேராகச் சொல்வதில்லை. ஆனால் முதல் ஆவி காட்டுவது, விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட பையனை. அவனைக் கூட்டிப்போக வருகிறவள் தங்கை ஃபேன். அப்பா இப்போது முன்னைப்போல் இல்லை, ரொம்ப அன்பாக இருக்கிறார், வா வீட்டுக்கு என்கிறாள். அவள் பெரியவளாகி, ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு இறந்துபோனாள். அந்தப் பிள்ளைதான் ஃப்ரெட். ஆவி அதை நினைவுபடுத்தும்போது ஸ்க்ரூஜுக்கு மனசு சங்கடப்படுகிறது. எந்தத் தங்கை தன்னை வீட்டுக்கு அழைத்துப் போனாளோ, அவள் மகனையே வாசலோடு அனுப்பிக்கொண்டிருக்கிறார் இந்தத் தாய்மாமன்.

அப்புறம் கிராட்சிட் குடும்பம். வாரச் சம்பளம் 15 ஷில்லிங், ஆறு பிள்ளைகள். வீட்டில் அடுப்பு வசதி போதாததால் வாத்தை பேக்கரியில் கொடுத்து வாட்டி வாங்கி வருகிறார்கள், புட்டிங்கை துணி வெளுக்கும் கொப்பரையில் வேகவைக்கிறார்கள். இத்தனை பேருக்கு இது சின்னது என்று ஒருவரும் சொல்வதில்லை, நினைப்பதுகூட இல்லை. எல்லோரும் இந்த இடத்தில் பாப்பின் நோயாளிப் பையன் டைனி டிம்மையே மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வருவது. இந்த விருந்தைத் தந்தவர் என்று ஸ்க்ரூஜின் பெயரைச் சொல்லிப் பாப் கோப்பையைத் தூக்குகிறார். அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கல்நெஞ்சுக்காரர் இங்கே வந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்பேன் என்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள், பண்டிகை நாள் என்று பாப் மெதுவாகச் சொன்னதும், அவருக்காக இல்லை, உங்களுக்காகவும் இந்த நாளுக்காகவும் குடிக்கிறேன் என்று குடிக்கிறாள். கோபம் அடங்கவில்லை, ஆனாலும் புருஷனுக்காக விட்டுக்கொடுக்கிறாள். ஒரேயடியாக நல்லவரான பாப்பைவிட இந்த அம்மாதான் உயிருள்ள மனுஷி.

காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புத்தகம் வந்தது 1843 டிசம்பரில். 1834 ஏழைகள் சட்டத்தின்படி, பிழைக்க வழியில்லாதவர்கள் வொர்க்ஹவுஸுக்குள் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி) போனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் "சிறைகள் இல்லையா, வொர்க்ஹவுஸ்கள் இல்லையா?" என்று ஸ்க்ரூஜ் கேட்பதை இதை வைத்துப் படியுங்கள். பாப்புக்கு வேலை போனால், அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் கதி அதுதான். டிக்கன்ஸுக்கு இது கேள்விப்பட்ட விஷயமும் இல்லை. 1824-இல் அவர் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார், அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே போய்த் தங்கினார்கள், 12 வயதுச் சார்லஸ் மட்டும் வெளியே தனியாக இருந்துகொண்டு ஷூ பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். கிராட்சிட் குடும்பத்தைக் குடிவைத்த லண்டன் கேம்டன் டவுனில் அவர் குடும்பமும் ஒரு காலத்தில் இருந்தது. (புத்தகத்தின் விலை 5 ஷில்லிங், அதாவது பாப்பின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! அவரால் இதை வாங்கியிருக்க முடியாது.)

கடைசியில் ஸ்க்ரூஜ் செய்வதைக் கவனியுங்கள். பெயர் சொல்லாமல் ஒரு பெரிய வான்கோழியைக் கிராட்சிட் வீட்டுக்கு அனுப்புகிறார். நேற்று நன்கொடை கேட்டு வந்து விரட்டப்பட்டவரை வழியில் பார்த்து அவர் காதில் ஒரு தொகையைச் சொல்கிறார். இதெல்லாம் அவருக்குச் சுலபமாக வருகிறது. ஃப்ரெட் வீட்டுக் கதவைத் தட்டத்தான் தைரியம் வரவில்லை, அந்த வாசலைப் பலமுறை கடந்து கடந்து போகிறார். பிறகு தட்டி, என்னை உள்ளே விடுவாயா ஃப்ரெட் என்று கேட்கிறார். ஃப்ரெட் குலுக்கிய குலுக்கலில் அவர் கை கழன்று விழாததே பெரிது என்கிறார் டிக்கன்ஸ். மறுநாள் காலை ஆபீசில் பாப்புக்குச் சம்பள உயர்வு, முதல் வேலையாகக் குளிர்காய இன்னொரு கரிச்சட்டி வாங்கி வா என்று உத்தரவு. இறந்துவிடுவான் என்று ஆவிகள் காட்டிய டிம் பிழைத்தான் என்று டிக்கன்ஸ் எழுதுவது அதற்கு அப்புறம்தான்.