நீள்வட்டத்தில் 3, 4, 5

கேள்வி: அரை நெட்டச்சு (நீளத்தில் பாதி) 5, அரைக் குற்றச்சு (அகலத்தில் பாதி) 4, மையத்திலிருந்து குவியம் 3 என்று ஒரு நீள்வட்டத்தில் எல்லாமே முழு எண்ணாக வருகிறது. கோள்களின் பாதையிலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கோள்களில் தேடினால் ஏமாற்றம்தான். உங்கள் நீள்வட்டத்தின் மையத்தொலைத்தகவு (மையத்திலிருந்து குவியத்தின் தொலைவை அரை நெட்டச்சால் வகுத்தால் வருவது) 3/5, அதாவது 0.6. பூமிக்கு இப்போது 0.0167, புதனுக்கு 0.2056. மற்ற கோள்கள் இழுப்பதால் இவையும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். 3² + 4² = 5² என அமையும் 3, 4, 5 போன்ற பைதாகரஸ் மும்மைகளோ எண்ணற்றவை. எந்தத் தகவுக்கும் பக்கத்தில் ஒன்று அகப்பட்டுவிடும். அதை ஆதாரமென்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

அணுவில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருந்தது. 1916-இல் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு வகுத்த மாதிரியில், எலக்ட்ரான் பாதையின் குற்றச்சுக்கும் நெட்டச்சுக்கும் உள்ள விகிதம் முழு எண் விகிதமே. உங்கள் 4/5, ஐந்தாம் ஆற்றல் நிலையில் அனுமதிக்கப்பட்ட பாதைகளில் ஒன்று! 1926-இல் எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தபின் அந்தப் பாதைகளே கைவிடப்பட்டன. எலக்ட்ரானின் நிலையைக் குறிக்கும் குவாண்டம் எண்கள் தங்கிவிட்டன.

தோட்டத்தில் வரைய: குவியங்களாக 6 அடி இடைவெளியில் இரண்டு முளை, முடிச்சு போக 16 அடி சுற்றுள்ள கயிற்று வளையம். வளையத்தை முளைகளில் மாட்டி, ஒரு குச்சியால் இறுக்கி இழுத்தபடி சுற்றி வரைந்தால் 10க்கு 8 அடி பாத்தி கிடைக்கும். நைலான் கயிறு இழுபட்டு வடிவம் கெடும், சணல் நல்லது. சரிவில் முளைகளைச் சம உயரத்தில் அடித்தால், 30 டிகிரிச் சாய்வில் அந்த 8 அடி, கிடைமட்டமாக அளக்கையில் சுமார் 6.9 அடிதான்.